ஸ்ரீபெரும்புதூரில் முப்பது ராத்திரி

ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னால் என் மாமியார் காலத்தவர்களுக்கு ராமானுஜர் ஞாபகம் வரும். என் வயதுக்காரர்களுக்கு 1991-ம் வருஷம் மே மாதம் 21-ம் தேதி ராத்திரி ஞாபகம் வரும். இந்தக் காலத்துப் பெண்களிடம் சொல்லிப் பாருங்கள், "எந்தக் கம்பெனியில?" என்று கேட்பார்கள். எனக்கோ இனிமேல் அந்த ஊர்ப் பேரைக் கேட்டால், நாலு மாசக் குழந்தை ஒன்றின் அழுகையும், விடிகாலை நாலே முக்காலுக்குத் தெருமுனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸின் சத்தமும்தான் காதில் கேட்கும்.

பொங்கல் கழிந்த மறுநாள் என் தங்கை மகள் போன் செய்தாள். "பெரியம்மா, கொஞ்ச நாள் வந்து இருக்கீங்களா? அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிருக்கு, கூப்பிட முடியல. நான் தூங்கியே மூணு மாசம் ஆகுது" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை, அழுதுவிட்டாள். அழுகிற பெண் இல்லை அவள். கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. நாற்பது ஆண்பிள்ளைகள் நடுவில் நின்று "இது தேறாது" என்று சாமானைத் தள்ளிவிடுகிறவள்.

மதுராந்தகத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் பஸ் பிடித்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே ரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். அப்போது இரண்டு பக்கமும் ஏரி, வயல், ஆடு மேய்க்கிற பிள்ளைகள். இப்போது ஒரகடம் வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மதில் சுவர். ரெனோ-நிஸ்ஸான் கார் தொழிற்சாலை 2010-ல் வந்தது, லாரி செய்கிற டெய்ம்லர் 2012-ல், புல்லட் மோட்டார் சைக்கிள் 2013-ல். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை இவற்றுக்கெல்லாம் அண்ணன், ஹூண்டாய் கார் அங்கே 1998-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. வல்லம் வடகால் பக்கம் வரிசையாக நிற்கும் உயரமான கட்டடங்களைப் பார்த்து, பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் "இது என்னம்மா, புது காலனியா?" என்று கேட்டேன். "லேடீஸ் ஹாஸ்டல் ஆன்ட்டி" என்றாள். செல்போன் செய்யும் பெண்கள் தங்குவதற்காக 2024 ஆகஸ்டில் திறந்தார்களாம், 18,720 பேர் தங்கலாம். எங்கள் ஊர் மொத்தத்தையும் கொண்டுபோய் வைத்தாலும் இடம் மிஞ்சும் போலிருக்கிறது!

தங்கை மகள் வீடு கோயிலுக்குப் பின்பக்கம் நாலைந்து தெரு தள்ளி, மாடியில் இரண்டு அறை. கீழே அரியலூர்ப் பக்கத்துப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். எதிர் போர்ஷனில் ஒரு சேலத்துக் குடும்பம்.

முதல் ராத்திரியே எண்ண ஆரம்பித்துவிட்டேன். பத்தரைக்கு ஒரு தரம், பதினொன்றேகாலுக்கு ஒரு தரம், பன்னிரண்டரை, ஒன்றரை, இரண்டு, மூன்று, நாலு... ஒன்பது தடவை. விழித்தால் சிணுங்கல் இல்லை, வீல் என்ற கத்தல். மாரில் போட்டால் நாலு வாய் குடிக்கிறாள், உடனே விட்டுவிட்டு உடம்பை வில் மாதிரி வளைக்கிறாள், காலை வயிற்றில் மடக்கி உதைக்கிறாள். மறுபடி பாலுக்கே தாவுகிறாள். பசிக்கிறவள் மாதிரியும் இருக்கிறது, பால் பிடிக்காதவள் மாதிரியும் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு "தாய்க்குப் பால் பத்தவில்லை" என்றுதான் தோன்றும்.

எல்லாரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மாமியார் போனில் சொன்னாள், எதிர் வீட்டம்மா சொன்னாள். ஒரு டாக்டரும் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு டப்பா பால் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். டப்பா பால் கொடுத்த அன்று ராத்திரி இரண்டு பங்கு அழுகை. அந்த டப்பா மூடியபடி அலமாரியில் இருந்தது. இத்தனைக்கும் குழந்தை எடை சரியாக ஏறிக்கொண்டுதான் இருந்தது. பால் பத்தாத குழந்தைக்கு எடை எப்படி ஏறும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை பாருங்கள்.

நானும் யோசிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். போகும்போதே ஒரு கிலோ பால்கோவா வாங்கிப் போயிருந்தேன். மறுநாளே அரை லிட்டர் பால் கூடுதலாகச் சொல்லி, காலையில் பூண்டுப் பால், ராத்திரி படுக்கப் போகும்போது பூண்டுப் பால். மத்தியானம் கெட்டித் தயிர். லேகியத்தில் நெய் மிதக்க மிதக்கக் கிளறிக் கொடுத்தேன். "குடிடி கண்ணு, உனக்கு ஊறினாத்தானே அவளுக்கு" என்று பக்கத்தில் நின்று டம்ளர் காலியாகும்வரை பார்த்துவிட்டுத்தான் நகருவேன். ஐந்து நாள். குழந்தை ஒன்பது தடவை விழித்தது போய், விழிக்காத நேரம் எது என்று எண்ணும்படி ஆகிவிட்டது. கன்னம் இரண்டும் சொரசொரவென்று சிவந்து கிடந்தது. ஐந்தாம் நாள் துணி மாற்றும்போது பார்த்தேன். மலத்தில் சளி மாதிரி, நடுவில் நூல் இழை போல ரத்தம். "இது அப்பப்ப வருது பெரியம்மா. வெடிப்பா இருக்கும்னாங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றே பூந்தமல்லிப் பக்கம் குழந்தை வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். அவர் குழந்தையைப் பார்த்துவிட்டு, கன்னத்தைத் தடவிவிட்டு, நான் மடித்துக் கொண்டுபோயிருந்த துணியையும் முகம் சுளிக்காமல் பார்த்தார். பிறகு, "அம்மா என்ன சாப்பிடறாங்க?" என்று கேட்டார்.

நான் பெருமையாக ஒப்பித்தேன். பூண்டுப் பால், பால்கோவா, தயிர், நெய் லேகியம். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபித்துக்கொண்டிருந்தாலும் தேவலை.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பசும்பாலில் இருக்கும் சில புரதங்களைச் சில குழந்தைகளின் உடம்பு விரோதி என்று நினைத்துக்கொள்கிறது. அதில் முக்கியமான ஒன்றுக்கு பீட்டா லாக்டோகுளோபுலின் என்று பெயர். மனுஷத் தாய்ப்பாலில் அது இயற்கையில் கிடையாது. ஆனால் தாய் பசும்பால் குடித்தால் சில மணி நேரத்தில் துளித்துளியாகத் தாய்ப்பாலில் வந்து சேருகிறது. அந்தத் துளியே போதும், குடல் புண்ணாகிறது, சளியும் ரத்தமும் வருகிறது, தோல் சிவக்கிறது. படுக்கவைத்தால் வயிற்றிலிருந்து எதுக்களித்து நெஞ்சு எரிகிறது. அதனால் குழந்தை தூங்க முடியாமல் அலறுகிறது. பால் குடித்தால் கொஞ்சம் இதமாக இருக்கும் என்று குடிக்கிறது, குடித்ததும் மறுபடி வலி. ராத்திரி முழுக்க இந்தச் சக்கரம்தான்.

இது இன்று நேற்று கண்டுபிடித்தது இல்லையாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் விடாத அழுகைக்குத் தாய் குடிக்கும் பசும்பால் காரணமாக இருக்கலாம் என்று ஸ்வீடன் நாட்டு டாக்டர்கள் 1978-லேயே எழுதிவிட்டார்கள். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து டாக்டர்கள் 1985-லும் 1989-லும் தூக்கத்தையே ஆராய்ந்திருக்கிறார்கள். சில குழந்தைகளுக்குப் பாலை நிறுத்தியதும் தூக்கம் வந்தது, தெரியாமல் மறுபடி கலந்து கொடுத்ததும் போய்விட்டது. ஆனால் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1989-ல் தூங்காத குழந்தைகள் என்று கொண்டுவந்த 146 பேரில் பால் சந்தேகத்துக்கு ஆளானது சுமார் பத்தில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கெல்லாம் வேறு காரணம். மேல்நாட்டுக் கணக்குப்படி மொத்தத்தில் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இந்த ஒவ்வாமை உண்டு. தாய்ப்பால் மட்டும் குடிக்கிறவர்களில் இன்னும் குறைவு.

"அப்போ தாய்ப்பாலை நிறுத்திடணுமா டாக்டர்?" என்று கேட்டாள் என் பெண். அவள் குரல் நடுங்கியது. வேலைக்குத் திரும்ப நாலு வாரம்கூட இல்லை. 2017-ல் சட்டத்தைத் திருத்தி 12 வாரமாக இருந்த பிரசவ லீவை 26 வாரம் ஆக்கினார்கள் அல்லவா? இவளுக்கு அதில் ஐந்து வாரம் பிரசவத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. "குழந்தை இப்படியே அழுதா வேலையை விட்டுடு" என்று மாமியார் வீட்டில் பேச்சு வந்துவிட்டதாம். வீட்டு லோனில் பாதி இவள் சம்பளம்.

"யார் நிறுத்தச் சொன்னா? நீங்க சாப்பிடற பாலைத்தான் நிறுத்தணும். உங்க பாலை இல்லை" என்றார் டாக்டரம்மா. ரத்தப் பரிசோதனை எழுதுவார் என்று நினைத்தேன். இந்த மாதிரி மெதுவாக வருகிற ஒவ்வாமை ரத்தத்திலும் தோல் சோதனையிலும் பிடிபடாதாம். இரண்டிலிருந்து நாலு வாரம் நிறுத்திப் பார்ப்பது, பிறகு வேண்டுமென்றே மறுபடி கொடுத்துப் பார்ப்பது, இதுதான் சோதனை. "ரெண்டாவதைச் செய்யாம விட்டுடாதீங்க. குழந்தை தானா வளர்ந்து சரியாயிருக்கலாம். காரணமே இல்லாம வருஷக்கணக்கா தாயைப் பத்தியம் வைக்கக் கூடாது" என்றார்.

பால் பொருள் இல்லாத சமையல் என்றால் லேசு என்று நினைத்தேன். காப்பி, தயிர், மோர், நெய், வெண்ணெய், பனீர், கோவா இவை தெரிந்த எதிரிகள். தெரியாத எதிரிகள் எத்தனை என்கிறீர்கள்! பிஸ்கட், ரொட்டி, சாக்லேட், சத்துமாவு டப்பா, ஹோட்டல் பரோட்டா. நல்ல வேளை, 2020-ம் வருஷத்து உணவு லேபிள் விதிப்படி பால் கலந்திருந்தால் பாக்கெட்டின் மேல் தனியாகப் போட்டாக வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடையில் நின்று ஒவ்வொரு பாக்கெட்டாகப் படித்தேன். கடைக்காரர் என்னைச் சுகாதார இன்ஸ்பெக்டர் என்றே நினைத்துவிட்டார்.

காலையில் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. இட்லிக்கு நல்லெண்ணெய். கேழ்வரகு அடையில் முருங்கைக்கீரை. மத்தியானம் பூண்டுக் குழம்பு, பருப்பு, ரசம். மோருக்குப் பதில் தேங்காய்ப் பால் விட்ட சொதி. "தேங்காய்ப் பாலும் பாலாச்சே அத்தை?" என்று மாப்பிள்ளை கவலையாகக் கேட்டார். பேரில் பால் இருந்தால் என்ன, பசு இல்லையே! கீழ் வீட்டு அரியலூர்ப் பெண்களில் ஒருத்தி, ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவள், தூங்காமல் பால்சுறாப் புட்டு செய்து கொண்டுவந்து வைத்தாள். "அக்காவுக்குப் பால் ஊறும் பெரியம்மா" என்றாள். அது மீன்தான், தாராளமாகச் சாப்பிடலாம்.

தாய்க்குப் பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்து எங்கே போவது? பால் கொடுக்கிறவளுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் தேவை. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 இருக்கிறது. எள்ளில் அதைப்போல் மூன்று பங்குக்கு மேலேயே. ஆனாலும் சாப்பாட்டை மட்டும் நம்ப வேண்டாம் என்று டாக்டரம்மா கால்சியம், வைட்டமின் டி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. எதிர் வீட்டு சேலத்தம்மா, "பசும்பால் ஆகலைன்னா ஆட்டுப்பால் கொடுங்க, காந்திஜி குடிச்சாரே" என்றார். ஆட்டுப்பாலின் புரதமும் எருமைப்பாலின் புரதமும் பசும்பாலோடு ஒட்டிப் பிறந்தவை மாதிரிதான். பசும்பால் ஆகாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. தெருவில் கழுதைப்பால் கறந்து சங்கில் ஊற்றுகிறவர் ஒருநாள் வந்தார். காய்ச்சாத பால், கழுவாத சங்கு. கும்பிட்டு அனுப்பிவிட்டேன். சோயா பாலும் ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், பால் ஆகாதவர்களில் சிலருக்கு அதுவும் ஆகாது. "லாக்டோஸ் இல்லாத பால்" என்று மாப்பிள்ளை ஒரு பாக்கெட்டை வாங்கிவந்தார். லாக்டோஸ் என்பது பாலிலுள்ள சர்க்கரை. எங்கள் சண்டை சர்க்கரையோடு இல்லை, புரதத்தோடு. அந்தப் பாலை மாப்பிள்ளையே குடித்தார். தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு மட்டும் புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்த தனி மாவு டாக்டர் சீட்டில் எழுதுவார்களாம். விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. வாசனையைச் சொல்லவே வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

வசம்பு, உரைமருந்து எல்லாம் நானே கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். ஆறு மாசம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வாயில் வைக்கக் கூடாது என்றதும் எடுக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன்.

முதல் மூன்று ராத்திரி ஒரு மாற்றமும் இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி வராந்தாவில் நடப்பேன். அப்போதுதான் அந்த ஊரைச் சரியாகப் பார்த்தேன். நம் ஊரெல்லாம் ஒன்பது மணிக்கு அடங்கிவிடும். ஸ்ரீபெரும்புதூர் அடங்குவதே இல்லை. பத்து மணிக்கு ஒரு கூட்டம் இறங்குகிறது, ஒரு கூட்டம் ஏறுகிறது. பன்னிரண்டு மணிக்கு டீக்கடையில் பாய்லர் கொதிக்கிறது. ஒடியா, இந்தி, நெல்லைத் தமிழ் எல்லாம் ஒரே பெஞ்சில். நாலே முக்காலுக்குக் காலை ஷிப்டு பஸ். கழுத்தில் அடையாள அட்டை, தலையில் இன்னும் ஈரம், கையில் டிபன் பாக்ஸோடு பெண்கள் ஓடுகிறார்கள். பெண்கள் ராத்திரி ஷிப்டு செய்யக் கூடாது என்று பாக்டரிச் சட்டத்தில் இருந்த பிரிவைச் சென்னை ஹைகோர்ட் 2000 டிசம்பரில் செல்லாது என்று சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த வராந்தாவில் நின்று பார்த்தபோது, இவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டிருக்கிறதோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்னொன்றும் தோன்றியது. 1984-ல் என் பெரிய பையன் இதே மாதிரி ஆறு மாசம் அலறினான். இதே மாதிரிக் கன்னம். திருஷ்டி என்றார்கள், மாந்தம் என்றார்கள், என் பாலில் விஷம் என்றுகூட ஒருவர் சொன்னார். நான் தினம் ஒரு லிட்டர் பால் குடித்தேன். கடைசியில் என் பாலை நிறுத்திவிட்டார்கள். அவனுக்கு என்ன இருந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

நிறுத்திய ஐந்தாம் நாள் ரத்த இழை நின்றது. சளி இன்னும் சில நாள் இருந்தது. எட்டாம் நாள் ராத்திரி பத்தரைக்குத் தூங்கினவள் ஒன்றேமுக்காலுக்குத்தான் எழுந்தாள். நாங்கள் மூன்று பேரும் பயந்துபோய், மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தோம்! இரண்டாம் வாரக் கடைசியில் கன்னம் வெளுத்தது. ராத்திரி மூன்று தடவை எழுந்தாள். குடித்தாள், தூங்கினாள். வளைவதும் உதைப்பதும் போய்விட்டது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு சாயங்காலம் எல்லாரும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். ராமானுஜர் 1017-ல் அவதரித்த தலம். அவர் இருக்கும்போதே செய்து, அவரே ஆலிங்கனம் செய்து கொடுத்தார் என்று சொல்லப்படும் 'தானுகந்த திருமேனி' அங்கேதான் இருக்கிறது. தாயார் பேர் யதிராஜநாதவல்லி. அவருடைய தாய் தகப்பன் பிள்ளை வரம் வேண்டி திருவல்லிக்கேணியில் யாகம் செய்தார்கள் என்பது கதை. யாகம் செய்து பெற்ற பிள்ளையும் ராத்திரியில் அழுதிருக்கும், அந்த காந்திமதி அம்மாளும் தூக்கிக்கொண்டு நடந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கதையில் அதெல்லாம் எழுதமாட்டார்கள். வெளியே வந்ததும் சர்க்கரைப் பொங்கலை நான் வாங்கிக்கொண்டேன், நெய் சொட்டியது. அவள் ஏக்கமாகப் பார்த்துவிட்டுப் புளியோதரை வாங்கிக்கொண்டாள். நல்லெண்ணெய், புளி, மிளகாய். பெருமாள் அவளுக்கும் ஒன்று வைத்திருந்தார்.

பிறகு அந்தச் சோதனை நாள் வந்தது. எனக்கு மனசே இல்லை. "நல்லாத்தானே தூங்குது, எதுக்குடி கெடுக்கணும்?" என்றேன். அவள் கேட்கவில்லை. "எங்க லைன்ல ஒரு பீஸ் சரியாயிடுச்சுன்னா, எதனால சரியாச்சுன்னு தெரியாம விடமாட்டோம் பெரியம்மா" என்றாள். டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, காலையில் ஒரு டம்ளர் பால், மத்தியானம் தயிர் சாதம், சாயங்காலம் ஒரு காப்பி. அந்தக் காப்பியை அவள் குடித்த அழகைப் பார்க்க வேண்டுமே, கண்ணை மூடிக்கொண்டு! முதல் ராத்திரி ஒன்றுமில்லை. இரண்டாம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்தப் பழைய கத்தல். ஏழு தடவை. விடிந்ததும் துணியில் சளி, மெல்லிய சிவப்பு இழை. அவள் பால் பாக்கெட்டைக் கீழ் வீட்டுப் பெண்களிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அழவில்லை. "தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

இதை எல்லாக் குழந்தைக்கும் வீட்டில் செய்து பார்க்கலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். பால் பட்ட சில நிமிஷத்தில் உடம்பெல்லாம் தடித்துப்போவது, உதடு வீங்குவது, மூச்சு இரைப்பது, அல்லது திரும்பத் திரும்ப வாந்தி எடுத்துக் குழந்தை துவண்டு போவது, இப்படி இருந்தால் அது வேறு ஜாதி. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் குழந்தைகளுக்கு மறுபடி கொடுத்துப் பார்ப்பதெல்லாம் ஆஸ்பத்திரியில்தான்.

எங்கள் கதை தெருவில் பரவிவிட்டது. எதிர் வீட்டு சேலத்தம்மாவின் மருமகள் தன் ஏழு மாசப் பையனோடு வந்தாள். "இவனும் ராத்திரி நாலு தரம் எழறான் பெரியம்மா. நானும் பாலை விட்டுடவா?" என்றாள். அந்தப் பையன் கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டிருந்தான். தோல் வழவழப்பு, மலம் சாதாரணம், எழுந்தால் குடித்துவிட்டு அடுத்த நிமிஷம் தூக்கம். நானாக எதுவும் சொல்லாமல் அதே டாக்டரம்மாவிடம் அனுப்பினேன். "இது நோயில்லை, இது குழந்தை" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஒரு வயசு வரை ராத்திரி எழுவது சகஜம். பால் சுரக்கவைக்கும் ப்ரோலாக்டின் என்ற சுரப்பும் தாய்க்கு ராத்திரியில்தான் அதிகம். அவள் ஏமாற்றமாகத் திரும்பி வந்தாள் பாவம், மருந்து இருந்தால் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறாள். மாமியாரை ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி குழந்தையோடு படுக்கச் சொன்னேன். சேலத்தம்மாவுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

வேலைக்குப் போகும் நாள் நெருங்கியது. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாலு தரம் போய்ப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. குழந்தைக்குப் பதினைந்து மாசம் ஆகும் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளையும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. "அஞ்சு மணி பஸ்ல, பனியில, இவளைத் தூக்கிட்டு எப்படிப் போவேன் பெரியம்மா?" என்றாள். அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. அந்த இடைவேளையில் பாலை எடுத்து வைக்கலாம் என்று முடிவு செய்தோம். முதல் பத்து நாளைக்கு மாப்பிள்ளை லீவு போட்டார். பிறகு என் தங்கை எழுந்து நடமாட ஆரம்பித்து வந்துவிடுவாள்.

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்த எவர்சில்வர் டம்ளரில் பாலைப் பிழிந்து மூடி, பிரிட்ஜில் உள்பக்கமாக வைக்க வேண்டும், கதவில் வைக்கக் கூடாது. நாலு நாளைக்குள் உபயோகிக்கலாம். வெளியில் வைத்தால் அதிகம் போனால் நாலு மணி நேரம், நம் வெயிலுக்கு அதுகூட வேண்டாம். சூடு செய்ய அடுப்பில் ஏற்றாமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டம்ளரை வைத்தால் போதும். பாட்டில் வேண்டாம், பாலாடையே போதும் என்று நான் சொன்னேன். இந்த ஒரு விஷயத்தில் டாக்டரம்மாவும் என் கட்சி. மாப்பிள்ளை முதல் நாள் பாதியைத் தன் சட்டையில் ஊற்றிக்கொண்டார். மூன்றாம் நாள் என்னைவிட நன்றாக ஊற்றினார்.

இருபத்தொன்பதாம் நாள் காலை நாலு மணிக்கு அவள் எழுந்து தலைக்குக் குளித்தாள். குழந்தை மூன்றரைக்குக் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸில் கேழ்வரகு அடையும் புளிச்சாதமும் வைத்தேன். கேன்டீன் சாப்பாட்டில் எதில் நெய், எதில் தயிர் என்று தெரியும் வரை வீட்டுச் சாப்பாடுதான். தெருமுனைவரை கூடப் போனேன். பஸ் வந்தது. படியில் ஏறும்போது திரும்பி, "எழுந்தா போன் பண்ணுங்க" என்றாள். ஐந்தே முக்காலுக்குத்தான் எழுந்தாள். போன் பண்ணவில்லை, அவள் அப்பா பாலாடையை எடுத்தார்.

முப்பதாம் ராத்திரியும் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். ஆறாம் மாசத்திலிருந்து பால் கலக்காத கஞ்சி, பருப்பு சாதம், கேழ்வரகுக் கூழ் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயசிலிருந்து மூன்று வயசுக்குள் தானே விலகிவிடுமாம். ஆவணியில் அவளுக்குப் பதினொரு மாசம். அப்போது மறுபடி பால் கொடுத்துப் பார்க்க டாக்டரம்மா வரச் சொல்லியிருக்கிறார். நானும் போகிறேன். இந்தத் தடவை பையில் பால்கோவா இருக்காது, கடலை உருண்டைதான்.